பாக்கெட் வைத்த கில்ட்

மர்டோ அர்க்கர்ட்டை யாராவது பாராட்டினால் அவர் முதலில் தன் முதுகைத் தடவிப் பார்ப்பார். எவனாவது கேலியாக எழுதிக் காகிதம் ஒட்டியிருப்பான் என்று நினைப்பு. பிறந்த அன்றைக்கே மருத்துவச்சியிடம் அடையாள அட்டை கேட்டவர் என்று எங்கள் ஊர் ஸ்ட்ராத்கோரியில் சொல்வார்கள். சொல்கிறவர்களில் பாதிப்பேர் அவரிடம் மாட்டிக்கொண்டு விழித்தவர்கள், அதனால் கொஞ்சம் கூட்டியே சொல்வார்கள். ஆனாலும் முழுப்பொய் இல்லை.

முப்பத்தைந்து வருஷம் மரம் அறுக்கும் ஆலையில் எடைமேடை உத்தியோகம். லாரி வந்து நின்றதும் டிரைவர் இறங்கிப் பத்தடி தள்ளி நின்றுவிட வேண்டும். மர்டோ தார்ப்பாயைத் தூக்குவார், சக்கரத்துக்கு அடியில் குனிவார், மழையில் நனைத்து எடை ஏற்றியிருக்கிறார்களா என்று மரப்பட்டையை நகத்தால் கீறுவார். இதெல்லாம் சம்பளத்துக்குச் செய்தது. சம்பளம் இல்லாமல் அவர் செய்த வேலை வேறு. ஆகஸ்டு மாதம் இரண்டாவது சனிக்கிழமை எங்கள் ஊர் விளையாட்டு விழா. சம்மட்டி எறிவது, மரத்தூண் தூக்கிப் போடுவது, காற்றுப்பை வைத்த பைப் வாசிப்பு, பெண்பிள்ளைகள் ஆட்டம் எல்லாம் உண்டு. அந்த மைதானத்து வாசலில் முப்பத்தொரு வருஷமாக நின்றவர் மர்டோதான்.

டிக்கெட்டை முன்னால் பார்ப்பார், பின்னால் பார்ப்பார், வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். எங்கே வாங்கினாய், யார் கொடுத்தது, அப்போது கடையில் வேறு யார் இருந்தார்கள் என்று கேட்பார். தள்ளுவண்டியில் தூங்கும் குழந்தையின் போர்வையை விலக்கி, அடியில் இன்னொரு குழந்தை இருக்கிறதா என்று பார்த்தவர். ஒரு வருஷம் விழாவின் தலைவரையே நிறுத்திவிட்டார். சீஃப்டன் என்று சொல்வோம், ஊர் கூடித் தேர்ந்தெடுக்கிற அன்றைய ஒருநாள் ராஜா. அந்த வருஷம் அது எஸ்டேட் துரை. பின்னால் பைப்பும் டிரம்மும் முழங்க ஊர்வலமாக வந்த துரையைக் கைநீட்டி நிறுத்தி, "டிக்கெட்?" என்றார். துரை பாவம், இடுப்புக்கு முன்னால் தொங்கிய தோல்பையில் தேடினார்.

இப்படிப்பட்டவரிடம்தான் மார்ச் மாதம் ஒரு மத்தியானம் விழாக் கமிட்டிச் செயலாளர் ஷீனா வந்தாள். அவள் கால்நடை ஆஸ்பத்திரியில் வரவேற்பில் இருக்கிறவள், முரட்டு நாய்களையும் முரட்டு மனிதர்களையும் ஒரே குரலில் உட்காரவைக்கத் தெரிந்தவள்.

"மர்டோ, இந்த வருஷம் சீஃப்டன் நீங்கதான்."

மர்டோ ரொட்டியில் வெண்ணெய் தடவுவதை நிறுத்தினார். "யாரு சொன்னா?"

"கமிட்டிதான்."

"கமிட்டியில யாரு முதல்ல வாயைத் திறந்தது?"

"எல்லாரும் சேர்ந்துதான் சொன்னோம்."

"எல்லாரும் சேர்ந்து ஒரு வார்த்தை சொல்ற ஊரா இது? மழை பெய்யுதுன்னா அதுக்கே ரெண்டு கட்சி இங்க."

அடுப்புப் பக்கம் நின்ற அவர் மனைவி எஃபி சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு கொஞ்சம் சீக்கிரம் வந்துவிட்டதாக மர்டோவுக்குப் பட்டது.

"துரை இருந்தாரு, டாக்டர் இருந்தாரு, அந்த ஜட்ஜ் இருந்தாரு. எடைமேடைக்காரன் எப்படி அந்த வரிசையில வந்தான்? என்ன விஷயம், சொல்லு."

"ஒரு விஷயமும் இல்ல. வர்றீங்களா இல்லையா?" என்றாள் ஷீனா. "ஒண்ணே ஒண்ணு, கில்ட் வேணும். வாடகை கில்ட்டெல்லாம் வேண்டாம், சொந்தமா ஒண்ணு தைச்சுக்குங்க. மூணு மாசத்துக்கு மேல ஆகும், சீக்கிரம் போய்ப் பாருங்க."

அங்கேதான் இடித்தது. கில்ட் என்பது எங்கள் பக்கத்து ஆண்கள் விசேஷத்துக்குக் கட்டுகிற, முழங்கால்வரை வரும் கொசுவப் பாவாடை. அறுபத்து மூன்று வயதில், மலைநாட்டில் பிறந்து வளர்ந்த மனிதனுக்கு ஒரு கில்ட் கிடையாது. வீட்டில் ஐந்து பையன்கள், ஒரே ஒரு கில்ட். மூத்தவனிடமிருந்து இறங்கி இறங்கி மர்டோவிடம் வந்தபோது அதில் பூச்சி தின்றது போக இடுப்புப்பட்டிதான் மிச்சம். கல்யாணத்துக்கு வாடகைக் கடைக்குப் போனார். இதைக் கடைசியாகக் கட்டினவன் யார், அடியில் என்ன போட்டிருந்தான் என்று கேட்டார். கடைக்காரன் சிரித்தான். மர்டோ கறுப்பு சூட்டில் கல்யாணம் பண்ணிக்கொண்டார்.

அந்த வாரம் முழுக்க அவர் சரியாகச் சாப்பிடவில்லை. எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையைப் பிடித்துக் கட்டி, வெல்லப்பாகும் கோழி இறகும் கொட்டி, திறந்த லாரியில் ஊரைச் சுற்றிவரும் வழக்கம் உண்டு. அன்பினால் செய்வதாகத்தான் பெயர். இதுவும் அப்படி ஏதோ ஒன்று என்று மர்டோ முடிவுகட்டிவிட்டார். கில்ட் கட்டி முன்னால் நடக்கவிட்டு, முப்பத்தொரு வருஷத்துக்கும் சேர்த்து ஊரே பின்னால் நின்று சிரிக்கப் போகிறது. அதுதான் திட்டம்.

"நல்லது ஒண்ணு வீடு தேடி வந்தா வாங்கி வச்சுக்கயேன் மனுஷா" என்றாள் எஃபி.

"நல்லதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

எஃபி கெட்டிலைக் கழுவப் போய்விட்டாள். கெட்டில் ஏற்கெனவே கழுவித்தான் இருந்தது. மர்டோ அதையும் கவனித்தார்.

ஆனாலும் அடுத்த செவ்வாய்க்கிழமை இருவரும் இன்வெர்னஸுக்குக் கிளம்பினார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் திட்டம் என்னவென்று தெரியாமலே போய்விடும், அது அவருக்கு இன்னும் தாங்காது.

கில்ட் தைக்கிறவள் பெயர் வில்மா. கழுத்தில் டேப், உதட்டில் இரண்டு குண்டூசி. குண்டூசியை எடுக்காமலே பேசினாள்.

"இடுப்பு எவ்வளவு?"

"முப்பத்தாறு."

"அது பேண்ட் சொல்ற கணக்கு. ஆம்பளைங்க மனசு நோகக்கூடாதுன்னு பேண்டைத் தொப்பைக்குக் கீழ கட்ட விட்டுருக்காங்க. கில்ட் தொப்புள்ல நிக்கணும். கையைத் தூக்குங்க."

டேப்பைச் சுற்றி, "நாப்பத்தொண்ணு" என்றாள்.

மர்டோ கோட்டுப் பையிலிருந்து தன்னுடைய இரும்பு டேப்பை எடுத்தார். "இதுலயும் ஒருதடவை பாத்துருவோம்."

எஃபி கூரையைப் பார்த்தாள். இரும்பு டேப் வளைய மறுத்து, ஒருவழியாக வளைந்து, அதுவும் நாற்பத்தொன்றே காட்டியது. "ஒரு நூல் குறையுது" என்றார் மர்டோ.

"மூச்சை விடுங்க, வந்துரும்" என்றாள் வில்மா. "இப்ப மண்டி போடுங்க. உயரம் பாக்கணும். ஓரத்தை மடிச்சுத் தைக்கிற பழக்கம் இல்ல, துணியோட கரைதான் ஓரம். அப்புறம் வந்து கொஞ்சம் இறக்கிக் குடுன்னா என்னால ஆகாது."

முட்டி சொடக்குப் போட மண்டிபோட்டு எழுந்தார். வில்மா அர்க்கர்ட் குலத்துக் கட்டம் போட்ட துணியை மேஜைமேல் உருட்டிவிட்டாள். பச்சை, நீலம், கறுப்பு, நடுவில் ஒரு சிவப்புக் கோடு. எட்டு கஜம். கொசுவம் முழுக்கப் பின்பக்கம் போய்விடும், முன்னால் தட்டையாக நிற்கும், நடந்தால் பின்னால் ஆடும். மர்டோ ஒரு மடிப்பைக் கையில் தூக்கிப் பார்த்து எடை சொன்னார். வில்மா குண்டூசியை உதட்டிலிருந்து எடுத்துவிட்டு, சரிதான் என்றாள்.

துணி கையில் வந்ததும் அவருக்குப் பிடித்துப்போயிற்று. பேண்டு வாத்தியத்துக்கு முன்னால் இது பின்புறம் ஆட நடந்து வருவது எப்படி இருக்கும் என்று ஒரு நிமிஷம் நினைத்தும் விட்டார். பிடித்துப்போனதுதான் அவரைப் பயமுறுத்தியது. ஆசைப்பட்டவனைத்தான் சுலபமாக ஏமாற்றலாம்.

"இதையும் பாரேன்" என்றாள் எஃபி. சுவரோரம் தொங்கிய சாம்பல் நிற கில்ட்டைத் தொட்டுக் காட்டினாள். புது மாதிரி. கட்டம் இல்லை, கோடு இல்லை, லேசான துணி, இரண்டு பக்கமும் பெரிய பாக்கெட்.

"கில்ட்டுக்குப் பாக்கெட்டா? அதுக்குப் பேண்டே போட்டுட்டுப் போகலாமே. எங்க அப்பா எழுந்து வந்து அடிப்பாரு."

"சின்னவங்க எல்லாம் இதைத்தான் கேக்கறாங்க" என்றாள் வில்மா. "உங்க ஊருக்கே நாலு போகுது. அதோ, அந்தக் கம்பியில தொங்குது பாருங்க."

மர்டோ போய்ப் பார்த்தார். சீட்டு தொங்கினால் படிக்காமல் அவரால் இருக்க முடியாது. நான்கு கில்ட், நான்கு சீட்டு. ஸ்ட்ராத்கோரி விழா, வாசல், ஒன்று. வாசல், இரண்டு. வாசல், மூன்று. நான்காவதைப் படிக்கத் தேவையில்லை, ஆனாலும் படித்தார்.

"வாசல்ல நாலு பேரா?"

"ஆமாங்க, புது ஆளுங்க. டிக்கெட் பாக்கறதுக்கு மெஷின் வருதாம், அதை வச்சுக்கத்தான் பாக்கெட். முன்னாடி ஒருத்தர் இருந்தாராமே, ரொம்பக் கெடுபிடின்னு சொன்னாங்க. அவரு இனிமே இல்லையாம்."

"செத்துட்டாரா?" என்று கேட்டார் மர்டோ.

"அது எனக்குத் தெரியாதுங்க."

எஃபி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். மர்டோ இரும்பு டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டார். "அளவு எழுதினது அப்படியே இருக்கட்டும். துணி எதுன்னு பின்னால சொல்றேன்" என்று வெளியே வந்தார்.

கார் பாலம் தாண்டியதும் மர்டோ எஃபியைத் திரும்பிப் பார்த்தார்.

"உனக்குத் தெரியும்" என்றார்.

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"ஜனவரி."

"ஜனவரிலேருந்து என் வீட்டுல உக்காந்து, என் டீயைக் குடிச்சுக்கிட்டு, எனக்கே குழி தோண்டியிருக்கீங்க."

"அது என் டீ. போடறது நானு" என்றாள் எஃபி. "போய் ஷீனாகிட்ட கேளு. நான் சொன்னா நீ நம்ப மாட்டே."

சந்தேகப்பட்டது சரி என்று தெரிந்தால் மர்டோவுக்கு எப்போதும் ஒரு தெம்பு வரும், அன்றைக்கு நன்றாகத் தூங்குவார். இப்போது வரவில்லை. சீஃப்டன் பதவி கிண்டலுக்கில்லை என்று தெரிந்துவிட்டது. கிண்டலாக இருந்திருந்தால் தேவலை என்று இருந்தது. வாசலிலிருந்து அவரைக் கிளப்பத்தான் இந்தக் கிரீடம். வருஷத்தில் ஒருநாள், அதையும் பிடுங்கிக்கொண்டார்கள்.

நேராகக் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனார். கூடையில் பூனையோடு காத்திருந்த இருவர் அவர் முகத்தைப் பார்த்து ஒதுங்கி உட்கார்ந்தார்கள்.

"நான் இனிமே இல்லையாமே" என்றார்.

ஷீனா மழுப்பவில்லை. அந்த மட்டில் நல்லவள். மேஜைமேல் 'சற்று நேரத்தில் வருகிறேன்' அட்டையை வைத்துவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டாள். "வாங்க, ஒண்ணு காட்டறேன்."

மைதானத்தின் வடக்குப் பக்கம் கல்லறைத்தோட்டம். இரண்டுக்கும் நடுவில் மார்பளவு கல்சுவர். சுவரின் ஒரு இடத்தில் மேல்கற்கள் வழவழவென்று தேய்ந்திருந்தன. கல்லறைப் பக்கம் மீன்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் படியாகப் போட்டிருந்தார்கள். பிடித்துக்கொள்ள ஒரு கயிறுகூடக் கட்டியிருந்தது.

மர்டோவுக்கு மூச்சு வந்தது. "பாத்தியா? அஞ்சாறு வருஷமா சொல்றேனே, சுவர் ஏறிக் குதிக்கிறாங்கன்னு. யாராவது காதுல போட்டீங்களா? திருட்டுக் கும்பல். படி போட்டு, கயிறு கட்டி ஏறுது. அவங்களை விட்டுட்டு என்னைத் தூக்கறீங்க."

"அவங்க எல்லார்கிட்டயும் டிக்கெட் இருக்கு மர்டோ."

"என்னது?"

"டிக்கெட் வாங்கி வச்சுக்கிட்டுத்தான் சுவர் ஏறுறாங்க. உங்ககிட்ட வந்து நிக்க முடியாம."

மர்டோ சிரித்தார். இப்படி ஒரு கதையை நம்ப அவர் என்ன நேற்றுப் பிறந்தவரா? ஷீனா மைதானத்துக் கொட்டகையைத் திறந்து, பெரிய பிஸ்கட் டின் ஒன்றைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். உள்ளே முழுக்கப் பாதி பாதியாகக் கிழித்த டிக்கெட்டுகள். சுவரின் உள்பக்கம் அந்த டின்னை வைத்திருந்தார்களாம். குதித்தவர்கள் அவரவர் டிக்கெட்டை அவரவரே கிழித்து, பாதியை அதில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். யாரும் கேட்கவில்லை, யாரும் பார்க்கவும் இல்லை.

"போன வருஷம் வாசல் வழியா வந்தவங்களைவிட இந்தப் பக்கம் வந்தவங்க ஜாஸ்தி" என்றாள் ஷீனா. "எழுபது வயசுக்காரங்க ஏறுறாங்க. இடுப்பு முறிஞ்சா யாரு பதில் சொல்றது? அதான் நாங்க முடிவு பண்ணினோம்."

மர்டோ டின்னோடு கொட்டகைக்குள் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்தார். ஒரே ஒரு போலி கிடைத்தால் போதும். முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்தார். முத்திரை சரி, காகிதம் சரி, தேதி சரி. இந்த ஊரில் போலி டிக்கெட்டைக் கண்டுபிடிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அவருக்கே ஒன்றும் அகப்படவில்லை. ஷீனா இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தாள்.

டின்னின் அடியில் ஜோடியாகக் குண்டூசி குத்திய டிக்கெட்டுகள் கிடைத்தன. போன வருஷத்தது ஒரு ஜோடி, முந்தின வருஷத்தது ஒரு ஜோடி, அதற்கும் முந்தினது. மொத்தம் ஆறு ஜோடி. மர்டோ நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இதோ. ஒரே ஆள், வருஷா வருஷம் ரெண்டு டிக்கெட். யாரு இது? அந்த ரெண்டாவதை யாருக்குக் குடுக்கறாங்க?"

"இதே கேள்வியைத்தான் அவகிட்டயும் கேட்டீங்க" என்றாள் ஷீனா.

"யாருகிட்ட?"

"ஐனாகிட்ட."

அவருக்கு நினைவு வர நேரமாகவில்லை. ஐனா பேக்கரிக்காரி, பள்ளிக்கூடத்தில் அவருக்கு முந்தின பெஞ்சு. அவள் புருஷன் வில்லி ஆறு வருஷத்துக்கு முன்னால் ஏப்ரலில் செத்துப்போனான். சவப்பெட்டியைக் குழியில் இறக்கக் கயிறு பிடித்தவர்களில் மர்டோவும் ஒருவர். அந்த ஆகஸ்டில் ஐனா வாசலுக்குத் தனியாக வந்தாள். கையில் இரண்டு டிக்கெட் இருந்தது. முப்பது வருஷப் பழக்கம், கடையில் கை தானாக இரண்டு வாங்கியிருக்கிறது. மர்டோ அவள் முகத்தைப் பார்க்கவில்லை. டிக்கெட்டைத்தான் பார்த்தார். "ரெண்டு வச்சிருக்கியே, இன்னொண்ணு யாருக்கு? யாரை உள்ள விடப் போறே?" என்று வரிசை முழுக்கக் கேட்கும்படி கேட்டார். ஐனா திரும்பிப் போனாள். மாட்டிக்கொண்டதும் ஓடுகிறாள் என்று அவர் அன்றைக்கு நினைத்தார். சாயங்காலம் அதை எஃபியிடம் பெருமையாகச் சொன்னதும் இப்போது ஞாபகம் வந்தது.

"திரும்பி வில்லி கல்லறைக்குப் போயிருக்கா" என்றாள் ஷீனா. "கொஞ்ச நேரம் உக்காந்திருந்துட்டு, அந்தப் பக்கமே சுவர் ஏறி உள்ள வந்தா. முதல்ல ஏறினது அவதான். அடுத்த வருஷம் அவகூட நாலு பேரு. அப்புறம் ஊரு."

மர்டோ ஜோடிகளைத் திரும்பக் குண்டூசி குத்தினார். ஒருமுறை கையில் குத்திக்கொண்டார். வெட்கமாக இருந்தது. அறுபத்து மூன்று வயதில், கொட்டகை பெஞ்சில் உட்கார்ந்து, காது சுடும் அளவுக்கு வெட்கமாக இருந்தது. வெளியே வந்து, கல்லறைப் பக்கம் மீன்பெட்டியைக் காலால் அழுத்திப் பார்த்தார்; ஒரு பக்கம் ஆடியதும் கல் ஒன்றைத் தேடி அடியில் முட்டுக்கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை பேக்கரியில் வரிசையில் நின்றார். அந்த ஆகஸ்டுக்குப் பிறகும் ஆறு வருஷமாக அவர் அங்கே ரொட்டி வாங்குகிறார், அவளும் கொடுக்கிறாள். அவர் முறை வந்தது.

"என்ன வேணும் மர்டோ?"

ஒரு வாக்கியம் தயார் பண்ணிக்கொண்டு போயிருந்தார். "ஒரு மட்டன் பை" என்றார்.

கறி அடைத்துச் சுட்ட அந்தப் பண்டத்தை ஐனா காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். சில்லறை கொடுத்தாள். அடுத்த ஆளைப் பார்த்தாள். மர்டோ அதைக் காரில் வைத்து ஆறவிட்டார், தின்னவில்லை.

அன்றே ஷீனாவிடம் போனார். "சீஃப்டன் சரி. வாசலும் உங்களுது, நாலு பேரை நிறுத்துங்க. ஆனா ஊர்வலத்துக்கு முன்னாடி, கூட்டம் உள்ள வர்ற ஒரு மணி நேரம், நான் வாசல்ல நிப்பேன்."

"எதுக்கு?"

"நிக்கத்தான்."

"டிக்கெட் கேப்பீங்களா?"

"மாட்டேன்."

"உங்களை எப்படி நம்பறது?" என்றாள் ஷீனா.

 அந்தக் கேள்வியை மர்டோ எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறார். கேட்கப்படுவது எப்படி இருக்கும் என்று இப்போதுதான் தெரிந்தது.

அடுத்த செவ்வாய் மறுபடி இன்வெர்னஸ். வில்மா அர்க்கர்ட் கட்டத்தை மறுபடி மேஜைமேல் உருட்டினாள். மர்டோ அதைக் கடைசியாக ஒருமுறை தடவிப் பார்த்தார். ஆசை இன்னும் இருந்தது.

"அந்தப் பாக்கெட் வச்சது குடுங்க" என்றார்.

"சீஃப்டனுக்கா?" வில்மா எஃபியைப் பார்த்தாள். "ஊர் ஹால்ல படம் மாட்டுவாங்களேங்க. துரை, டாக்டர் எல்லாரும் குலக் கட்டத்துல இருப்பாங்க. நீங்க மட்டும் சாம்பல் கலர்ல, வாசல் பையன் மாதிரி."

"மாட்டட்டும். பாக்கெட் இன்னும் ஆழமா வேணும். ரெண்டு கையும் மணிக்கட்டு வரைக்கும் உள்ள போகணும்."

"கையை எதுக்கு உள்ள வைக்கணும்? முன்னால தோல்பை தொங்குமே, சாமான் அதுல வச்சுக்கலாம்."

"அதுல ரெண்டு கையும் நுழையாது" என்றார் மர்டோ. "என் கை வெளிய இருந்தா தானா நீளுதும்மா. முப்பத்தொரு வருஷப் பழக்கம். அதை எங்கயாவது அடைச்சு வைக்கணும்."

வில்மாவுக்கு அப்போதுதான் விளங்கியது, அந்தக் கெடுபிடிக்காரர் யார் என்று. முகம் சிவந்து, குண்டூசியைத் தேடினாள். எஃபி புருஷனின் வலது கையை எடுத்து டேப் பக்கம் நீட்டினாள். வில்மா உள்ளங்கையையும் மணிக்கட்டையும் அளந்து எழுதிக்கொண்டாள். மர்டோ இந்தத் தடவை தன் டேப்பை எடுக்கவில்லை.

விழா அன்று காலை தூறிவிட்டு விட்டிருந்தது. மைதானத்துக்குள் பைப்புகள் சுருதி சேர்ந்துகொண்டிருந்தன. வாசலில் நான்கு புது ஆட்கள் மெஷினோடு நின்றார்கள். பக்கத்தில் ஐந்தாவதாக மர்டோ, சாம்பல் கில்ட், வெள்ளைக் காலுறை, தோளில் சீஃப்டன் பட்டை, இரண்டு கையும் பாக்கெட்டில். கால்முட்டியில் காற்றுப் பட்டது அவருக்குப் புதிதாக இருந்தது.

அவரைப் பார்த்ததும் சந்தில் வந்த கூட்டம் மெதுவாயிற்று. ஒரு குடும்பம் அப்படியே கல்லறைத்தோட்டத்துப் பாதையில் திரும்பியது. இன்னொன்றும் திரும்பியது. பாக்கெட்டுக்குள் விரல்கள் துடித்தன, உள்துணியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டார். ஆடு வளர்க்கிறவன் ஒருவன் தைரியமாக நேரே வந்தான், மெஷினில் டிக்கெட்டைக் காட்டினான், மர்டோ கேட்பார் என்று ஒரு கணம் நின்றான். மர்டோ கேட்கவில்லை. அவன் நாலடி போய்த் திரும்பி வந்தான்.

"உடம்பு ஏதும் சரியில்லையா மர்டோ?"

"நல்லாத்தான் இருக்கேன். போ."

"உள்ள வேற யாரையாவது நிறுத்தி வச்சிருக்கியா?"

"இல்லடா, போ."

நம்பாமல்தான் போனான். பின்னால் வந்தவர்களும் அப்படியே, ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு, கண்ணிவெடி மேல் நடப்பதுபோல நடந்து போனார்கள். கல்லறைத்தோட்டத்துப் பாதையில் பாதிக் கூட்டம் நின்று வேடிக்கை பார்த்தது. இன்னும் கால்மணி நேரம்தான், பிறகு ஊர்வலத்துக்குப் போய்விட வேண்டும். ஐனா வரவில்லை. சுவர் பக்கம் போயிருப்பாள். போகாமல் என்ன செய்வாள் என்று மர்டோ தனக்குள் சொல்லிக்கொண்டார். சொல்லிக்கொண்டாலும் சந்துப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாதையில் நின்ற கூட்டம் விலகியது. ஐனா அதற்குள்ளிருந்து வந்தாள். பச்சைத் தலைத்துணி, ஷூவில் கல்லறைத்தோட்டத்து ஈரப்புல். மெஷினோடு நின்றவனைத் தாண்டி நேராக மர்டோவின் முன்னால் வந்து நின்றாள். உள்ளங்கையை விரித்தாள்.

இரண்டு டிக்கெட்.

வரிசை அப்படியே நின்றுவிட்டது. பழைய கேள்வி மர்டோவின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. மன்னிப்பு கேட்கிற வாக்கியம் ஒன்றும் வைத்திருந்தார், நான்கு மாதமாகக் கண்ணாடி முன் சொல்லிப் பார்த்தது, அது வரவில்லை. கைகள் பாக்கெட்டுக்குள்ளேயே இருந்தன. முதல்தடவையாக டிக்கெட்டை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் உள்ள போங்க, ஐனா" என்றார்.

 ஐனா டிக்கெட் இரண்டையும் மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு, வாசல் வழியாக உள்ளே போனாள்.